ஐந்து வருடம் கழித்து: பார்வை குறைந்தவர்களுக்கான வேலைப் பயிற்சி எப்படி இருக்கிறது?

நேற்று இரவு திண்டுக்கல்லில் இருந்து நண்பன் கூப்பிட்டான். அவன் தம்பி அரசுப் பள்ளி ஆசிரியர். கிளௌகோமாவில் பார்வை குறைந்துகொண்டே வருகிறதாம். "நீ போன பயிற்சிக்கு இவனையும் அனுப்பலாமாடா? மூணு மாசம் லீவு போடணுமே" என்றான். சட்டென்று பதில் சொல்ல வரவில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

எனக்கு ஆர்.பி. (ரெட்டினைடிஸ் பிக்மென்டோசா), விழித்திரை கொஞ்சம் கொஞ்சமாகப் பழுதாகும் நோய். முதலில் இரவில் தெரியாமல் போனது, அப்புறம் பக்கவாட்டுப் பார்வை, கடைசியில் கோப்பில் வரிகளே மறைந்தன. வேலை போய்விடும் என்று வீட்டில் அழுதார்கள். பணியில் இருக்கும்போது மாற்றுத்திறன் ஏற்பட்டால் அரசு ஊழியரை நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது, வேறு பணிக்கு மாற்றினாலும் அதே சம்பள நிலை தர வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 20-வது பிரிவு சொல்கிறது. அதை எனக்கு முதலில் சொன்னதே அந்தப் பயிற்சி மையம்தான். நண்பனின் தம்பியும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான்.

பயிற்சியில் குறை சொல்ல எதுவும் இல்லை. வெண்கோல் பிடித்து நடப்பது, விசைப்பலகையை விரலால் பழகுவது, என்விடிஏ. கணினித் திரையில் இருப்பதைக் குரலில் வாசித்துக்காட்டும் மென்பொருள் அது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பார்வையற்ற இளைஞர்கள் இருவர் 2006-இல் தொடங்கியது, இன்றும் இலவசம். அதன் தமிழ்க்குரல் முதல் வாரம் தகரத்தைத் தட்டுவது போல இருந்தது. இப்போது நான் வைத்திருக்கும் வேகத்தில் பக்கத்து இருக்கைக்காரருக்கு ஒரு சொல்கூடப் பிடிபடாது.

நான் எதிர்பார்க்காத நன்மை ஒன்று நடந்தது. வேலைக்குத் திரும்பிய வாரத்தில் பயிற்சியாளர் அம்மா ஒருவர் அலுவலகத்துக்கே வந்தார். என் இருக்கையில் இருந்து பதிவறை வரை என்னோடு நடந்தார். வழியில் பீரோ கதவு ஒன்று எப்போதும் பாதி திறந்தே கிடக்கும். கோல் தரையைத்தான் தடவும். நெற்றி உயரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் கதவு அதற்குத் தெரியாது. அவர் யாரையும் கடிந்துகொள்ளவில்லை. கண்காணிப்பாளர் கையைப் பிடித்து, கண்ணை மூடச் சொல்லி, அந்தக் கதவு வரை நடத்திக் கூட்டிப்போனார். அன்றிலிருந்து அந்தக் கதவு திறந்து கிடந்ததில்லை. என்னிடம் பேச வருபவர்கள் முதலில் தங்கள் பெயரைச் சொல்வதும் அன்றுதான் தொடங்கியது.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை வருவோம் என்றார்கள். அந்த ஒரு நாளோடு சரி. அப்புறம் போன் செய்தால் "குறித்துக்கொண்டோம் சார்". ஐந்து வருடமாகக் குறித்துக்கொண்டே இருக்கிறார்கள்.

அவர்கள் வந்து தீர்த்திருக்க வேண்டிய பிரச்சினை எழுத்துரு. எங்களுக்கு வரும் சுற்றறிக்கைகளில் பாதி இன்னும் பழைய எழுத்துருக்களில்தான் வருகின்றன. ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் எல்லாக் கணினிக்கும் பொதுவான குறியீடு தரும் யூனிகோடைத் தரமாக ஏற்றுத் தமிழக அரசு ஆணை போட்டது 2010-இல். பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த 'அம்மா' பார்ப்பவர் கண்ணுக்கு அம்மாதான். கணினிக்குள் இருப்பதோ ஆங்கில எழுத்துகள். ஒவ்வொரு எழுத்தாக நகர்த்திக் கேட்டால் எனக்குக் கிடைப்பது: எம், கே, செமிகோலன், கே, ஹெச். இரண்டு பக்க ஆணை முழுக்க இப்படி ஓடினால் எப்படி இருக்கும்? இன்செர்ட்டோடு எஃப் அழுத்தினால் எழுத்துருவின் பெயரைச் சொல்லும். அந்தப் பெயர் காதில் விழுந்ததுமே இன்று மதியம்வரை யாரையாவது படித்துக்காட்டச் சொல்லிக் கெஞ்ச வேண்டும் என்று தெரிந்துவிடும். மாற்றிக் கொடுக்கும் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது, நானும் வைத்திருக்கிறேன். ஆனால் அட்டவணை வந்தால் கலைந்துவிடுகிறது. அச்செடுத்து ஸ்கேன் செய்து அனுப்பினால் அதுவும் இல்லை, என்விடிஏவுக்கு அது வெற்றுத்தாள்.

தட்டச்சு செய்பவர் கெட்டவர் இல்லை. இருபது வருடம் பழகிய விரல் அவருடையது. யாராவது ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து யூனிகோடில் அடிக்கக் காட்டியிருந்தால் மாறியிருப்பார். பீரோ கதவு மாறவில்லையா? அந்த ஒரு நாளைத்தான் அந்த மையம் எனக்குத் தரவில்லை. என்னை மூன்று மாதம் தயார் செய்து, தயாராகாத அலுவலகத்தில் விட்டுப் போய்விட்டார்கள்.

ஐந்துக்கு இரண்டு மதிப்பெண். இவ்வளவு பாராட்டிவிட்டு இரண்டா என்று கேட்டால், ஆமாம், இரண்டுதான். இன்று காலை வந்த சுற்றறிக்கையை இன்னும் நான் படிக்கவில்லை.

தம்பியை அனுப்புடா, இந்த மாதமே அனுப்பு. பார்வை கொஞ்சம் மிச்சம் இருக்கும்போதே விசைப்பலகை பழகிவிடுவது நல்லது. சேரும் அன்றே, பயிற்சி முடிந்தபின் எத்தனை முறை பள்ளிக்கு வருவீர்கள் என்று கேட்டு எழுத்தில் வாங்கச் சொல். ஹெட்போன் ஒரு காதுக்கு மட்டும் வருவதாக வாங்கு. இரண்டு காதையும் மூடிக்கொண்டால் பக்கத்தில் பிள்ளைகள் வந்து நிற்பது அவனுக்குத் தெரியாது.