தென்காசி சைக்கிள் ரைடுக்கு வாங்குன ஹேண்டில்பார் கேமரா பேக், 2 சீசன் யூஸ் பண்ணிட்டு எழுதுறேன்

தென்காசில இருந்து சுந்தரபாண்டியபுரம் போற ரூட்டு எனக்கு உயிரு, ஜூலை ஆகஸ்ட்ல சூரியகாந்தி பூத்து நிக்கும், பின்னாடி மேற்குத் தொடர்ச்சி மலைல மேகம் படிஞ்சு கிடக்கும், அத போட்டோ எடுக்கத்தான் 850 ரூபாய்க்கு இத வாங்குனேன்.

முன்னாடி போன் ஹோல்டர்தான். ஆனா பைக் எஞ்சின் அதிர்வு போன் கேமராவ கெடுக்கலாம்னு ஆப்பிளே 2021ல எச்சரிச்சாங்க, சைக்கிள்ல எஞ்சின் இல்லன்னாலும் நம்மூரு குண்டு குழி ரோட்டுல எனக்கு மனசு கேக்கல. இந்த பேக்குக்குள்ள நல்ல தடி ஃபோம், குட்டி லென்ஸோட மிரர்லெஸ் கேமரா கச்சிதமா உக்காருது, வண்டிய நிறுத்துனதும் ஒரு கைலயே ஜிப்ப தொறந்து எடுத்துடலாம்.

குறைன்னா ரெண்டு. சாரல் அடிச்சா ஜிப் வழியா தண்ணி இறங்குது, சீசன்ல இது பெரிய தொல்ல, நான் கேமராவ பிளாஸ்டிக் கவர்ல சுத்திதான் வைக்கிறேன். அப்புறம் ஸ்ட்ராப் லூஸ் ஆயிருது, பிரேக் கேபிள அழுத்துதான்னு கெளம்புறதுக்கு முன்னாடி பாத்துக்கோங்க.

முக்கியமா காலைலயே போயிருங்க, முத்துன சூரியகாந்தி கிழக்க பாத்துதான் நிக்கும், மலை மேற்கால இருக்கு, அதனால பூ முகம், மலை, வெளிச்சம் மூணும் ஒரே பிரேம்ல வரும். சாயங்காலம் சூரியன் மலைக்குப் பின்னாடி போயிரும். வரப்புலயே நின்னு எடுங்க, வயலுக்குள்ள எறங்காதீங்க.

5க்கு 4 குடுப்பேன்.