குழந்தைகள் தொற்றுநோய் ஃபெலோஷிப்: சேரலாமா?

கிளினிக்கை மூடாமல் படிக்கலாம் என்பதால்தான் டாக்டர்களுக்கான இந்த ஃபெலோஷிப் கோர்ஸில் சேர்ந்தேன். பெரும்பாலும் ஆன்லைன், இடையில் கொஞ்சம் ஆஸ்பத்திரிப் பயிற்சி. நடத்துகிறவர்கள் பெயர் வேண்டாம். ஜூனியர்கள் கேட்டுக்கொண்டே இருப்பதால் எழுதுகிறேன்.

இரவு நேரக் கேஸ் விவாதங்களுக்காக மட்டுமே கட்டிய பணம் தகும். எங்கள் மலையடிவாரப் பக்கம் ஸ்கரப் டைபஸ் (சிறு உண்ணிப்பூச்சி கடித்து வரும் காய்ச்சல்) அதிகம். காய்ச்சல் குழந்தையின் ஜட்டியைக் கழற்றாமல் பரிசோதனை முடிந்ததாகச் சொல்லாதீர்கள் என்று ஒரு மேடம் விரட்டுவார். அக்குள், தொடையிடுக்கு, காதுக்குப் பின்புறம் என்று தேட வேண்டும். பூச்சி கடித்த இடத்தில் வரும் கருப்புப் பொருக்கு வலிக்காது, பிள்ளையும் சொல்லாது. இதற்கான மருந்து டாக்சிசைக்ளின். அதை எட்டு வயதுக்குள் கொடுத்தால் பல்லில் கறை பிடிக்கும் என்ற பயம் பழைய டெட்ராசைக்ளின் மருந்துகளிலிருந்து வந்தது, சில நாள் டாக்சிசைக்ளினுக்கு அது பொருந்தாது என்பதை ஆய்வுகளை விரித்து வைத்தே காட்டினார்கள். பெற்றோரிடம் இப்போது தயங்காமல் பேசுகிறேன்.

காசநோய் வகுப்பும் அருமை. குழந்தைகளின் காசநோய்ச் சிகிச்சையைக் குறைக்க முடியுமா என்று பார்த்த 'ஷைன்' ஆய்வை ஒரு வாரம் பிரித்து மேய்ந்தோம். உகாண்டா, ஜாம்பியா, தென்னாப்பிரிக்கா, இந்தியா நான்கிலும் சேர்த்து 1,204 பிள்ளைகள். சென்னையும் புனேயும் உண்டு. தீவிரமில்லாத காசநோய்க்கு ஆறு மாதச் சிகிச்சைக்கு நான்கு மாதம் சளைத்ததல்ல என்பது முடிவு. யாரைத் 'தீவிரமில்லாத' பட்டியலில் சேர்ப்பது என்பதில்தான் சூட்சுமம். அதை எக்ஸ்ரே எக்ஸ்ரேயாகப் போட்டுச் சொல்லிக் கொடுத்தார்கள்.

ப்ளட் கல்ச்சர் (ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை) பாடம் சரிதான்: ஆன்டிபயாடிக்குக்கு முன்பே எடு, எடைக்கேற்ற அளவு ரத்தம் எடு. ஆனால் கூலி வேலைக்குப் போகும் அம்மா கல்ச்சருக்குப் பணமில்லை என்றால் என்ன செய்வது? நல்ல லேப் பக்கத்திலேயே இருக்கும் ஊரை நினைத்தே பாடம் எழுதியிருக்கிறார்கள்.

ஆராய்ச்சிப் பகுதி வீண். சாம்பிள் எண்ணிக்கை கணக்கு, எத்திக்ஸ் கமிட்டி படிவம், அவ்வளவுதான். அலசிப் பார்க்க உண்மையான டேட்டா ஒன்றுகூடத் தரவில்லை. ஆஸ்பத்திரிப் பயிற்சியில் ரவுண்ட்ஸின் கடைசி வரிசையில் நின்றோம். காசநோய்ப் பரிசோதனைக்காகக் குழந்தையின் இரைப்பை நீர் எடுப்பதைப் பார்த்தோம், கையால் செய்யவில்லை.

எம்.டி. முடித்த கையோடு சேராதீர்கள். சில வருடம் நோயாளிகளைப் பார்த்துவிட்டுப் போனால்தான் கேள்வி கேட்க வரும். சான்றிதழைக் கூடுதல் தகுதியாகப் பதிவு செய்ய முடியுமா என்று சேரும் முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள். அப்புறம், கட்டணத்தைத் தவணையில் கட்டலாம். கேட்டால்தான் சொல்வார்கள்.