வீட்டில் ஒரு பெஞ்ச் கிரைண்டர்: கத்தி, அரிவாள்மனைக்குச் சரிப்படுமா?

ஆறு அங்குல பெஞ்ச் கிரைண்டர் (மேஜையில் பொருத்தும் மோட்டார் சாணை மெஷின்) ஒன்றைச் சில வருடங்களாக வைத்திருக்கிறேன். அரை ஹெச்.பி. மோட்டார், ஒரு பக்கம் 36 கிரிட் கல், மறுபக்கம் 60 (கிரிட் என்பது கல்லின் சொரசொரப்பைச் சொல்லும் எண், எண் கூடினால் கல் வழவழப்பு). தெருவில் சாணை பிடிக்க வருகிறவர்கள் குறைந்துபோனதால் வாங்கியது. வாய் உடைந்த கத்தியைச் சரிசெய்ய அருமையான மெஷின். தினசரிக் கூர்மைக்கு வேண்டவே வேண்டாம்.

காரணம் சூடு. மோட்டார் நிமிடத்துக்கு ஏறக்குறைய 2,900 சுற்று சுற்றுகிறது. அந்த வேகத்தில் கல்லின் விளிம்பு நொடிக்கு 22 மீட்டருக்கு மேல் ஓடும். கத்தியின் வாய் மெல்லியது, சூட்டைத் தாங்க அதில் சதையே இல்லை. அழுத்திப் பிடித்தால் வைக்கோல் நிறம், பிறகு ஊதா, நீலம் என்று மாறிவிடும். நீலம் தெரிந்தால் 300 டிகிரியைத் தொட்டாயிற்று, இரும்பின் பதம் போயிற்று. அந்தக் கத்தி அன்றைக்கு நன்றாக வெட்டும், இரண்டு நாளில் தக்காளித் தோலில் வழுக்கும். நான் பக்கத்திலேயே ஒரு டப்பாவில் தண்ணீர் வைத்து, ஒவ்வொரு இழுப்புக்கும் கத்தியை நனைத்துக்கொள்கிறேன். வாயோரம் நிற்கும் நீர்த்துளி சுருங்கத் தொடங்கினால் உடனே எடுத்துவிட வேண்டும்.

லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்த பழைய அரிவாளை வைத்தால் பொறி மத்தாப்பு மாதிரி வெடித்துப் பூக்கும். எவர்சில்வர் கத்தியில் குட்டையாக, மங்கலாகத்தான் வரும். இந்தப் பொறி விழும் இடத்தில் தேங்காய் நாரோ எண்ணெய்த் துணியோ இருக்கக் கூடாது. சமையலறைப் பக்கமே இந்த வேலை ஆகாது, கேஸ் சிலிண்டர் இருக்கும் இடம்.

புதுக் கல் மாட்டும்போது அதைத் தொங்கவிட்டு ஸ்க்ரூ டிரைவரின் மரப்பிடியால் லேசாகத் தட்டிக் கேட்பேன். கணீரென்றால் நல்ல கல். சத்தம் செத்துப்போயிருந்தால் விரிசல், தூக்கிப் போடுங்கள். கல்லில் அச்சிட்டிருக்கும் வேகம் மோட்டாரின் வேகத்தைவிடக் குறையக் கூடாது. சுவிட்சைப் போட்டதும் கல்லுக்கு நேரே நிற்காமல் ஒதுங்கி, ஒரு நிமிடம் வெறுமனே ஓடவிடுவேன். கை வைக்கும் தாங்கிக்கும் கல்லுக்கும் இடைவெளி 3 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது, தாண்டினால் கத்தி உள்ளே இழுபடும். கண்ணாடி, மாஸ்க் கட்டாயம். கையுறை மட்டும் கூடாது, கல் கவ்வினால் விரலையும் சேர்த்து இழுக்கும். லுங்கி, துப்பட்டா, தொங்கும் செயின் எல்லாம் அதே கதைதான். மெல்லிய கத்தியின் வாயைக் கல் சுற்றும் திசைக்கு எதிராகக் காட்டுவதும் ஆபத்து. வாய் கீழ்நோக்கி இருக்கட்டும், பிசிறு (வாயோரம் மடிந்து நிற்கும் மெல்லிய இரும்பு) கொஞ்சம் அதிகம் வரும், வந்துவிட்டுப் போகட்டும்.

அப்புறம், இதையே கை கிரைண்டரில் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். நான்கு அங்குல கை கிரைண்டர் நிமிடத்துக்கு 11,000 சுற்று. கல்லின் விளிம்பு பெஞ்ச் கிரைண்டரைப்போல் இரண்டரை மடங்கு வேகத்தில் ஓடும். ஒரு கையில் மெஷின், மறுகையில் கத்தி. பார்த்தாலே வயிற்றைக் கலக்குகிறது. பெஞ்ச் கிரைண்டரின் வேகத்தைக் குறைக்க ஃபேன் ரெகுலேட்டர் மாட்டும் யோசனையும் வேண்டாம். இழுவை போய் மோட்டார் சூடாவதுதான் மிச்சம்.

அரிவாள்மனைதான் தலைவலி. வளைந்த அலகு, அடியில் கனமான பலகை. போல்ட் இருந்தால் அலகைத் தனியே கழற்றிப் பிடிக்கலாம். ரிவெட் அடித்ததாக இருந்தால் நான் மெஷினுக்கே கொண்டுபோவதில்லை, கைக்கல்லால்தான் தேய்ப்பேன்.

மெஷினில் எடுத்த கத்தியும் முடிவில் கைக்கல்லுக்குத்தான் போகிறது. 400, பிறகு 1000 கிரிட் தண்ணீர்க் கல்லில் பிசிறு போகும்வரை பத்து இருபது தேய்ப்பு. நடுவில் மழுங்கினால் இந்த 1000 கல்லே போதும் என்பதால், கிரைண்டர் மாதக்கணக்கில் மூடியே கிடக்கிறது. இப்போது வாங்குவதாக இருந்தால் 1,440 சுற்று மோட்டார்தான் தேடுவேன். வேகம் பாதி, பயமும் பாதி.

ஊரிலிருந்து யாராவது கருக்கரிவாளைக் கொண்டுவந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள். கல்லில் வைத்தால் பல் மொத்தமும் போய்விடும். அதற்குக் கொல்லன் பட்டறையில் கருக்கு வெட்டித் தருவார்கள்.