மரவை குடைய எந்த மரம்: பர்மா தேக்கா, பச்சைப் பூவரசா?

செட்டிநாட்டில் கையால் மரவை, அதாவது மரக் கிண்ணம், குடையப் பழகுகிறவர்கள் முதலில் தேடிப் போவது பர்மா தேக்கை. இடித்த வீடுகளின் தூண் துண்டும் உத்திரத் துண்டும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பக்கம் கிடைக்கும்போது கை அதற்குத்தான் நீளும். அலங்காரத்துக்கு வைக்கும் கிண்ணத்துக்கு அது அருமையான மரம். உப்பும் புளியும் தயிரும் போட்டுப் புழங்கும் மரவைக்கு மட்டும், ஊருணிக் கரையில் நிற்கும் பூவரசுதான் அதைவிட மேல். பசிபிக் தீவான ஹவாயில் இதே மரத்திலும் காலங்காலமாக உணவுக் கிண்ணம் குடைந்தார்கள். பூவரசு உணவில் தன் சுவையை ஏற்றாது என்பதே காரணம்.

உளிக்கு எது இணங்கும்

பழைய தேக்கு காய்ந்து இறுகியது. அதோடு அந்த மரத்துக்குள் சிலிக்கா, அதாவது மணற்சத்து, உண்டு. தீட்டிய குழி உளி சீக்கிரமே மழுங்கிவிடும். பக்கத்திலேயே சாணைக்கல்லும் தோல்பட்டையும் இருக்க வேண்டும். மழுங்கிய உளியைக் கொட்டாப்புளியால் (மரச் சுத்தியலால்) ஓங்கி அடித்தால் விளிம்பு சில்லுச் சில்லாகப் பெயரும். வேலை தொடங்குமுன் துண்டு முழுக்க ஒரு காந்தத்தை ஓட்டிப் பாருங்கள். கறுத்த வட்டம் தெரியும் இடத்தில் உள்ளே ஆணி ஒடிந்து கிடக்க வாய்ப்பு அதிகம். சுவருக்குள் இருந்த முனையில் சுண்ணாம்பு ஏறியிருக்கும், அதை அறுத்து எறிந்துவிடலாம். பழைய பெயின்ட் இருந்தால் அதில் ஈயம் இருக்கலாம்; உப்புத்தாளால் தேய்த்துத் தூசாக்காமல், வாச்சியால் (செதுக்கும் கைக்கோடரியால்) மேல்தோலைச் செதுக்கி அப்புறப்படுத்துங்கள். தேக்குத் தூசு சிலருக்குத் தோலிலும் மூச்சிலும் ஒவ்வாமை தரும், முகக்கவசம் கட்டாயம்.

பச்சைப் பூவரசில் இந்தத் தொல்லை ஒன்றும் இல்லை. ஈரமுள்ள மரம் உளிக்கு வழிவிடும், சீவல் சுருண்டு வரும். ஆனால் தேக்கு ஏற்கெனவே உலர்ந்து நிலைத்த மரம்; குடைந்த வடிவம் அப்படியே நிற்கும். பூவரசில் உலர்த்தும் கட்டத்தில்தான் பலர் தோற்கிறார்கள்.

பூவரசை வெடிக்காமல் உலர்த்துவது

18 செ.மீ. அகலம், 7 செ.மீ. உயர மரவைக்கு 25 செ.மீ. குறுக்களவும் 30 செ.மீ. நீளமும் உள்ள கட்டை போதும். வெட்டிய அன்றே வேலையைத் தொடங்க முடியாவிட்டால், இரு முனைகளிலும் உருக்கிய மெழுகைப் பூசி வையுங்கள். ஈரம் முனை வழியாகத்தான் வேகமாக ஓடும், வெடிப்பும் அங்கேதான் தொடங்கும்.

கட்டையை நடுக்குருத்தின் வழியே இரண்டாகப் பிளந்து, குருத்தை ஒட்டிய ஒன்றரை செ.மீ. மரத்தைச் செதுக்கி எறிய வேண்டும். மரம் உலரும்போது வளர்ச்சி வளையத்தின் போக்கில் சுருங்குவது, குருத்திலிருந்து பட்டை நோக்கிச் சுருங்குவதைப்போல ஏறக்குறைய இரு மடங்கு. குருத்து உள்ளே இருந்தால் இந்த இழுபறி எங்காவது பிளந்தே தீரும். பட்டையை ஒட்டிய வெளிர்மரத்தையும் கழித்துவிடுங்கள். வண்டு துளைப்பது அதைத்தான்.

கட்டை சதுரமாக இருக்கும்போதே உள்பக்கத்தை முதலில் குடையுங்கள், பிடித்து நிறுத்த எளிது. துரப்பண அலகில் (டிரில் பிட்டில்) 5.8 செ.மீ. உயரத்தில் நாடா ஒட்டி, நடுவில் ஒரு துளை போட்டுக்கொண்டால் அடியில் 1.2 செ.மீ. கட்டாயம் மிஞ்சும். உள்ளே விளிம்பிலிருந்து நடுவுக்கும், வெளியே அடியிலிருந்து விளிம்புக்கும் உளி ஓட வேண்டும். திசை மாறினால் நார் பிய்ந்து குழி விழும், அதை உப்புத்தாள் சரி செய்யாது.

சுவர் எங்கும் ஒரே 1 செ.மீ. கனமாக இருக்கட்டும். மெல்லிய இடம் முந்தி உலர்ந்து சுருங்க, தடித்த இடம் மறுக்க, இடையில் கீறல் விழும். குடைந்ததும் அதன் சீவலிலேயே புதைத்துக் காகிதப் பையில் இட்டு, வளவின் (வீட்டின் உள்கட்டு) உள்மூலையில் வையுங்கள். முற்றத்து வெயில் வேண்டாம், சித்திரைக் காற்றும் வேண்டாம். பிளாஸ்டிக் பையில் பூஞ்சணம் பூக்கும். வாரம் ஒரு முறை சமையல் தராசில் நிறுத்து எழுதுங்கள். மூன்று வாரம் எடை மாறாமல் நின்றால் உலர்ந்துவிட்டது. வட்டம் சற்று நீள்வட்டமாகியிருக்கும். அது பிழையல்ல, மரத்தின் இயல்பு.

மேற்பூச்சு

80, 120, 180, 240 என்று உப்புத்தாளை (எண் கூடக் கூட மென்மை) வரிசையாக ஏற்றி, ஈரத்துணியால் ஒரு முறை துடைத்து, நிமிர்ந்த நாரை 320-ஆல் தேய்த்த பிறகே எண்ணெய்.

தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய் இரண்டும் வேண்டாம். தேங்காய் எண்ணெய் இறுகுவதே இல்லை. நல்லெண்ணெய் அரைகுறையாக இறுகிப் பிசுபிசுக்கும். நாளாக நாளாகச் சிக்கு வாடை ஏறும். மருந்துக்கடை லிக்விட் பாரஃபின் கெடாது, ஆனால் அடிக்கடி தடவ வேண்டும். பூவரசுக்கு நம் தேர்வு செக்கில் ஆட்டிய ஆளி விதை எண்ணெய். காற்றில் உள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து நாருக்குள்ளேயே இறுகிவிடும். மெல்லப் பூசி, அரை மணியில் மிச்சத்தை முற்றிலும் துடைத்து, தொட்டால் ஒட்டாத நிலை வந்ததும் அடுத்த பூச்சு. இப்படி மூன்று நான்கு பூச்சு, பிறகு ஒரு மாதம் ஆறவிடுங்கள். ஐப்பசி அடைமழையில் இன்னும் தாமதமாகும். பெயின்ட் கடையில் விற்கும் காய்ச்சிய ஆளி எண்ணெயில் உலோக உலர்த்திகள் கலந்திருக்கும், உணவுக் கிண்ணத்துக்கு அதைத் தவிருங்கள். துடைத்த துணியைச் சுருட்டிப் போடவே கூடாது. இறுகும்போது எழும் வெப்பத்தில் தானாகத் தீப்பற்றும். வெளியில் கொடியில் விரித்துப் போடுங்கள், அல்லது தண்ணீரில் ஊறவையுங்கள்.

தேக்கில் இதே எண்ணெய் தகராறு செய்யும். அந்த மரத்தின் சொந்தச் சத்துகளே ஆளி எண்ணெயை இறுகவிடாமல் இழுத்தடிக்கும். அதற்கு ஒரு பங்கு தேன்மெழுகை நான்கு பங்கு லிக்விட் பாரஃபினில் உருக்கிய களிம்பு போதும். தேன்மெழுகு 62 டிகிரியை ஒட்டி உருகும் என்பதால் கொதிக்கும் சாம்பாரைத் தாங்காது.

பூச்சி சுரக்கும் பிசினான அரக்கும் உணவுக்கு ஆகும், பளபளப்பும் உண்டு. ஆனால் சூடு பட்டால் வெளுக்கும். கடைசல் பட்டறையில் சுழலும் மரத்தில் அரக்குக் குச்சியை அழுத்தி உரசல் சூட்டில் ஏற்றும் முறை, கையால் குடைந்ததற்குப் பொருந்தாது. பர்மாவிலிருந்து வந்த அரக்குச் சாமான்களை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், அவற்றில் பூசியது பூச்சியின் அரக்கல்ல, ஒரு மரத்தின் பால்.

மற்ற மரங்களில் பலா இரண்டாம் இடம்: மஞ்சளாகக் குடைபட்டுப் பின் பழுப்பேறும். வேம்பில் நார் மாறி மாறி ஓடுவதால் புதியவர் கைக்கு அடங்காது. மா சீக்கிரம் கறைபட்டு உளுக்கும். எட்டி, அரளி, தில்லை மூன்றையும் உணவுப் பாத்திரத்துக்குத் தொடவே கூடாது. அவை நஞ்சு.