சிம் ட்ரேயைத் திறக்க எதை எடுக்கலாம்? பின், ஜெம் கிளிப், ஊக்கு, கம்மல்: ஓர் அலசல்

போன் வாங்கிய அன்று பெட்டிக்குள், சிம் வைக்கும் ட்ரேயைத் திறக்க ஒரு சின்னக் கம்பி இருக்கும். ஒரு தடவை பயன்படுத்திவிட்டு அதைப் பெட்டியிலேயே போட்டு, பெட்டியைப் பரணில் ஏற்றிவிடுவோம். அது மறுபடி தேவைப்படுவது பெரும்பாலும் விமான நிலையத்திலோ, சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்திலோதான். அப்போது கையில் கிடைப்பதை எடுத்து ட்ரேயின் துளைக்குள் குத்துவது நம் எல்லோருக்கும் பழக்கம். ஆனால் கிடைப்பதெல்லாம் ஒரே தரமில்லை.

முதலில், துளைக்குள் என்ன நடக்கிறது? அங்கே பூட்டு எதுவும் கிடையாது. ஒரு சிறு நெம்புகோல் இருக்கிறது. அதன் ஒரு முனையைக் கம்பி அழுத்தினால் மறுமுனை ட்ரேயை வெளியே தள்ளும், அவ்வளவுதான். ஆகவே நுழைக்கும் பொருள் ஒரு மில்லிமீட்டருக்கும் மெல்லியதாக இருக்க வேண்டும். அழுத்தினால் வளையக் கூடாது. முனை மழுங்கியிருக்க வேண்டும். இந்த மூன்றாவதைத்தான் யாரும் யோசிப்பதில்லை. கூர்மையாக இருந்தால் சுலபமாக நுழையும் என்று நினைக்கிறோம். நுழையும்தான், ஆனால் நெம்புகோலை நேராகத் தள்ளாமல் வழுக்கி ஓரத்துக்குப் போய்விடும்.

கம்பெனி கொடுக்கும் பின் இந்த மூன்றிலும் தேறுகிறது, அதில் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு பிராண்டின் பின் இன்னொரு பிராண்டுக்கும் பெரும்பாலும் பொருந்தும். சில பின்கள் மட்டும் குட்டையாக இருக்கும்; ஆழமான துளையுள்ள போனில் நெம்புகோல்வரை எட்டாது. அதன் உண்மையான குறை வேறு: தேவைப்படும்போது அது கையில் இருக்காது. சாவிக்கொத்தில் மாட்டி வைப்பவர்கள் புத்திசாலிகள்.

அடுத்த இடம் ஜெம் கிளிப்புக்கு. இதை மாற்றுவழி என்று சொல்வதுகூடச் சரியில்லை. ஆப்பிளின் பயனர் கையேடே சிம் பின் அல்லது ஜெம் கிளிப் என்று இரண்டையும் சேர்த்தே சொல்கிறது. முனை மழுங்கலாகவே வெட்டப்பட்டிருக்கும், கம்பியும் உறுதி. இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். சின்ன அளவு கிளிப்பாகப் பார்த்து எடுங்கள்; பெரிய கோப்புகளுக்குப் போடும் தடித்த கிளிப் நுழையாது. பிளாஸ்டிக் பூசிய கலர் கிளிப்பும் நுழையாது, பூச்சை உரித்தால்தான் உண்டு. அப்புறம், கம்பியை முழுக்க நீட்டிவிடாதீர்கள். ஒரு முனையை மட்டும் நிமிர்த்தி, மீதி வளைவைப் பிடியாக வைத்துக்கொண்டால் விரலுக்கு வலிமை கிடைக்கும்.

ஊக்கு, குண்டூசி, தையல் ஊசி மூன்றையும் ஒரே கூடையில் போடலாம். பெண்கள் கைப்பையில், தாலிச் சரட்டில், புடவை மடிப்பில் என்று ஊக்கு எங்கும் கிடைக்கும் என்பதால் இதைத்தான் அதிகம் பேர் எடுக்கிறார்கள். பல போன்களில் வேலையும் செய்துவிடும். ஆனால் முனை கூர். கொஞ்சம் சாய்ந்தால் போனின் ஓரத்தில் கீறல் விழும், இன்னும் கொஞ்சம் வழுக்கினால் விரலில் ரத்தம். குண்டூசி இன்னும் மோசம். மெல்லியது என்பதால் அழுத்தியதும் வளைந்துவிடும். வேறு வழியே இல்லையென்றால் ஊக்கின் முனையைச் சிமென்ட் தரையில் நாலு தேய்ப்புத் தேய்த்து மழுக்கிவிட்டுப் பயன்படுத்தலாம். அதன்பின் அந்த ஊக்கு புடவைக்கு ஆகாது என்பதையும் வீட்டில் சொல்லிவிடுங்கள்.

கம்மல் ஒரு சுவாரசியமான போட்டியாளர். காதில் இருப்பதைக் கழற்றினால் போதும் என்று வெளிநாட்டு வீடியோக்கள் காட்டுகின்றன. அங்கே பின்னால் வெறுமனே அழுத்திச் செருகும் கம்மல்தான் அதிகம். அதன் தண்டு மெல்லியது, வழவழப்பானது, முனையும் மழுங்கல். அது உண்மையிலேயே நல்ல கருவி. நம் ஊர்த் தோடு அப்படியில்லை. திருகாணிக்காகத் தண்டில் மரை வெட்டியிருக்கும், தடிமனும் கூடுதல், துளையில் பாதிகூடப் போகாது. கொக்கி மாட்டும் தொங்கட்டானின் கம்பி நுழையும், ஆனால் 22 கேரட் தங்கம் மென்மையானது. போனுக்கு முன்னால் கம்மல் வளைந்துவிடும். இன்றைய தங்க விலைக்கு இது தேவையா? கவரிங் என்றால் உங்கள் விருப்பம்.

ஸ்டேப்ளர் பின்னை நிமிர்த்திப் பார்ப்பவர்களும் உண்டு. வளைவதைத் தவிர வேறெதுவும் செய்யாது. பல் குத்தும் குச்சி, ஈர்க்குச்சி, பென்சில் லெட் மூன்றையும் தொடவே வேண்டாம். இவை உள்ளே ஒடியும். ஒடிந்த துண்டு துளையை அடைத்துவிட்டால் அப்புறம் நல்ல பின் கிடைத்தாலும் பயனில்லை, சர்வீஸ் கடைக்குத்தான் போக வேண்டும்.

எதை எடுத்தாலும், குத்தும் இடம் தப்பினால் எல்லாம் வீண். பல போன்களில் ட்ரேக்குப் பக்கத்திலேயே மைக் துளையும் இருக்கிறது, பார்க்க இரண்டும் ஒரே மாதிரி. ட்ரேயைச் சுற்றி நீள்வட்டமாக ஒரு மெல்லிய கோடு தெரியும். துளை அந்தக் கோட்டுக்குள்ளேயோ, ட்ரேயின் நுனியை ஒட்டியோ இருந்தால்தான் அது சிம் துளை. தள்ளி, தனியாக இருந்தால் மைக். அதில் கூர்முனை போனால் உள்ளிருக்கும் வலையோ மைக்கோ பழுதாகி, பேசுவது எதிர்முனைக்குக் கேட்காமல் போகலாம். ஊக்கை நான் கீழே தள்ளியதற்கு இதுவும் ஒரு காரணம். சோனி எக்ஸ்பீரியா 1, 5 வரிசைப் போன் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலையே இல்லை. அவற்றில் துளை கிடையாது, நகத்தால் இழுத்தாலே ட்ரே வந்துவிடும். மற்ற கம்பெனிகள் ஏன் இதைப் பின்பற்றவில்லை என்பது எனக்குப் புரிவதில்லை.

திறக்கும்போது திரை மேலே பார்க்கும்படி போனைப் படுக்கையாகப் பிடியுங்கள். நானோ சிம்மின் அளவு 12.3 × 8.8 மில்லிமீட்டர், ஓடுகிற பஸ்ஸில் கீழே விழுந்தால் கிடைக்காது. தொலைந்தால் அதே எண்ணில் வேறு சிம் வாங்கிவிடலாம், ஆனால் இந்தியாவில் மாற்று சிம் செயல்படத் தொடங்கிய பின் 24 மணி நேரத்துக்கு எஸ்எம்எஸ் தடை உண்டு. அதாவது ஒரு நாள் முழுக்க எஸ்எம்எஸ் வழியே வங்கி ஓடிபி வராது. அதே ட்ரேயில் மெமரி கார்டும் இருந்தால், செட்டிங்ஸில் அதை அன்மவுண்ட் செய்துவிட்டோ (அதாவது போனுடன் உள்ள தொடர்பைத் துண்டித்துவிட்டோ), போனை அணைத்துவிட்டோ இழுப்பது நல்லது.

சரி, கழற்றத்தான் வேண்டுமா? இதையும் கேட்டுவிட வேண்டும். இரண்டு சிம் போனில் ஒன்றைச் சும்மா நிறுத்திவைக்க செட்டிங்ஸே போதும். சிங்கப்பூருக்கோ துபாய்க்கோ போகிறவர்கள் இறங்கியதும் இந்திய சிம்மைக் கழற்றிப் பர்ஸில் வைத்துவிட்டு, அப்புறம் வங்கி ஓடிபி வரவில்லையே என்று அலைவார்கள். ரோமிங் வசதியை வாங்கிக்கொண்டு, அந்த சிம்முக்கு டேட்டா ரோமிங்கை மட்டும் அணைத்துவிட்டுப் போனிலேயே விட்டுவைத்தால் எஸ்எம்எஸ் வரும். அழைப்பை எடுத்தால் காசு போகும். ஆனால் போனை விற்கும்போதும் ரிப்பேருக்குக் கொடுக்கும்போதும் செட்டிங்ஸை நம்பக் கூடாது, கழற்றியே ஆக வேண்டும். கடைக்காரர் நல்லவரா இல்லையா என்பது பிரச்சினையே இல்லை. சிம் வேறு போனுக்குப் போனால் ஓடிபியும் அங்கே போகும்.

போனுக்குள்ளேயே பதிந்திருக்கும், கழற்ற முடியாத இ-சிம்மில் இந்தக் கணக்கு மாறுகிறது. அமெரிக்காவில் விற்ற ஐபோன் 14-இல், 2022-லேயே ட்ரேயை எடுத்துவிட்டார்கள். 2025-இல் வந்த ஐபோன் ஏர் நம் ஊரிலும் ட்ரே இல்லாமல்தான் வருகிறது. திருடன் கழற்றி எறிய முடியாது என்பது இதன் பெரிய லாபம்: போனில் நெட் இருக்கும்வரை அது இருக்கும் இடத்தைத் தேட வாய்ப்பிருக்கிறது. ஆனால் போனின் திரை செத்துவிட்டால், பழைய சிம்மை ஜெம் கிளிப்பால் எடுத்து அம்மாவின் போனில் போட்டு உடனே பேசலாம். இ-சிம்மை அப்படி எடுக்க முடியாது, நிறுவனத்திடம் கேட்டு மாற்ற வேண்டும். அடிக்கடி போனைக் கீழே போடுகிறவராக இருந்தால் இப்போதைக்கு ட்ரே உள்ள போனையே வாங்குங்கள்.