சாக்லேட் வாங்கிக் கொடுத்தால் மறந்துவிடுமா?

இந்த முறை காரைக்குடிக்குப் போனதே தம்பி மகளைப் பார்க்கத்தான். ஏழு வயது, ரத்தப் புற்றுநோய். மதுரையில் சிகிச்சை நடக்கிறது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. எனக்கு ஆறாதது, இடையில் ரத்தப் பரிசோதனைக்காக உள்ளூர்த் தனியார் மருத்துவமனைக்குப் போனபோது நடந்தது.

நர்ஸைக் கண்டதுமே பிள்ளை கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அலறினாள். ஒரு வார்த்தை பேசாமல் நாலு பேர் அமுக்கிப் பிடித்து ஊசியைக் குத்தினார்கள். "ராத்திரி தூங்குவதில்லை, படுக்கையை நனைக்கிறாள், யாரோடும் பேசுவதில்லை. மனநல டாக்டர் யாரிடமாவது காட்டலாமா?" என்று கேட்டேன். "பச்சைப் பிள்ளைக்கு என்ன மனநோய், ஆச்சி? சாக்லேட் வாங்கிக் கொடுங்க, மறந்துரும்" என்றார் டாக்டர். அதற்குள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது கம்பவுண்டர்கூட காலி மருந்துக் குப்பியைக் கையில் கொடுத்துப் பேச்சுக் கொடுத்த பிறகுதான் ஊசியை எடுப்பார். அந்தப் பக்குவமெல்லாம் எங்கே போயிற்று? சிங்கப்பூரில் குழந்தைகள் மருத்துவமனையில் என்ன செய்யப்போகிறோம் என்று பொம்மையை வைத்துப் பிள்ளைக்கு விளக்குவதற்கென்றே ஆள் இருக்கிறார்கள்.

அன்று மாலை வீட்டு முற்றத்து வளவில் உட்கார்ந்திருந்தபோது அவளாகவே கேட்டாள்: "அயித்தை, நான் தம்பியத் தள்ளிவிட்டேன்ல, அதான் சாமி இப்படிப் பண்ணுதா?" எனக்குப் பதறிவிட்டது. தான் செய்த தப்பால்தான் நோய் வந்தது என்று இந்த வயதுப் பிள்ளைகள் நினைப்பது சகஜம். இல்லை என்று யாராவது சொன்னால்தானே தெரியும்? வீட்டில் 'காய்ச்சல்' என்றே சொல்லி வைத்திருக்கிறார்கள். சிகிச்சையில் கொடுக்கும் ஸ்டீராய்டு மாத்திரை வேறு தூக்கத்தைக் கெடுக்கும், எரிச்சலைக் கிளப்பும். அதை அடம் என்று நினைத்து எங்கள் அம்மா திட்டிக்கொண்டிருந்தார்.

மனநல டாக்டர் என்றதும் தம்பி, "வெளிய தெரிஞ்சா நாளைக்குப் பொம்பளப் பிள்ளைக்கு வரன் வருமா?" என்றான். ஏழு வயதுப் பிள்ளைக்கு வரன்! சரி, அவனோடு பேசிப் பயனில்லை என்று அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸ் எண் 14416-ஐக் கூப்பிட்டேன். இலவசம், 24 மணி நேரமும் உண்டு. தமிழிலேயே பொறுமையாகப் பேசினார்கள். நோயை அவள் வயதுக்குப் புரிகிற மாதிரி சொல்லுங்கள், அவள் செய்த எதனாலும் வரவில்லை என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள் என்றார்கள். அன்றைக்கே தம்பி மனைவி அவளை மடியில் வைத்துச் சொன்னாள். பிள்ளை அழுதாள், அப்புறம் நிறையக் கேள்வி கேட்டாள்.

அடுத்த முறை மதுரைக்குப் போகும்போது புற்றுநோய் டாக்டரிடமே குழந்தை மனநல மருத்துவருக்குச் சீட்டு எழுதி வாங்கச் சொல்லியிருக்கிறேன். தம்பி கேட்கத் தயங்கினால் நானே போன் போட்டுக் கேட்பேன்.