எல்விடி-4 மாடல் கிட் (1/35 அளவு): கிட் நல்ல கிட்தான், ஆனா தராவாவுக்குன்னு வாங்கிடாதீங்க

ஆன்லைன்ல வாங்குனது, விலை நாலாயிரத்துக்குக் கொஞ்சம் கம்மி, பாண்டிக்கு வந்து சேர பத்து நாள் ஆச்சு. எல்விடிங்கிறது ரெண்டாம் உலகப் போர்ல அமெரிக்க மரைன்ஸ் படை ஓட்டுன, தண்ணியிலயும் தரையிலயும் போற வண்டி. வித்தவங்க 'தராவா 1943'ன்னு கொட்டை எழுத்துல போட்டிருந்தாங்க, அதை நம்பித்தான் காசு கட்டுனேன், ஏன்னா நான் செய்ய நினைச்சதே பசிபிக் கடல்ல தராவா பவளத்தீவுல ஜப்பானோட நடந்த சண்டை சீன்தான். பெட்டியைப் பிரிச்சா பின்பக்கம் இறக்குற மாதிரி பெரிய கதவு இருக்கு. அப்பவே மனசு விட்டுப்போச்சு. இந்தப் பின்கதவோட இருக்குறது எல்விடி-4, அது சண்டைக்கு வந்ததே 1944 ஜூன்ல சைபான் தீவுலதான். தராவாவுக்குப் போனது எல்விடி-1, எல்விடி-2. ரெண்டுலயும் எஞ்சின் பின்னாடி, கதவே கிடையாது, எதிர்ல மெஷின் கன் சுட்டுக்கிட்டு இருக்க ஆளுங்க பக்கச் சுவர் மேல ஏறிக் குதிச்சுத்தான் இறங்கணும்.

ஒரு கதவுக்கா இவ்ளோ கோவம்னு கேக்காதீங்க. அந்தக் கதவு இல்லாம செத்தவங்க இருக்காங்க.

கிட்டைப் பத்தி சொல்லிடறேன். பாகங்கள் சுத்தமா வந்திருக்கு, பிசிறு கம்மி. ட்ராக்ல தண்ணியைத் தள்ளுறதுக்கு வளைஞ்ச தகடு தகடா இருக்கும், அதை அருமையா அச்செடுத்திருக்காங்க, விரல் வச்சு தடவுனா ஒவ்வொண்ணும் தனியா தட்டுப்படுது. ஆனா ட்ராக் ரப்பர் மாதிரி ஒரே பட்டையா வருது, முனை ரெண்டும் ஒட்டவே மாட்டேங்குது, நான் நூல் போட்டுக் கட்டி ராத்திரி முழுக்க விட்டேன். உள்தளத்துல வட்ட வட்டமா அச்சுத் தழும்பு இருக்கு, கதவைத் திறந்து வைக்கிறதா இருந்தா புட்டி போட்டுத் தேய்ச்சே ஆகணும். நம்ம ஊர் உப்புக் காத்துக்கு ப்ரைமர் லேசுல காயாது, மழை நாள்ல அடிக்காதீங்க. டெக்கால் நல்லா இருக்கு.

தேவனாம்பட்டினத்துல இருந்து சித்தப்பா வந்திருந்தாரு, நாப்பது வருஷமா கடலுக்குப் போனவரு. மேசைல இதைப் பாத்து என்னடா தம்பி இதுன்னாரு, கதையைச் சொன்னேன். 1943 நவம்பர் 20, கில்பர்ட் தீவுகள்ல, தராவாவுக்குள்ள பெட்டியோன்னு மூணு கிலோமீட்டர் சொச்சம் நீளமே இருக்குற ஒரு துண்டு நிலம், கரைக்கு அரை கிலோமீட்டர் முன்னாடியே பவளப்பார், அதுக்கு மேல மூணடித் தண்ணிதான், ஆளுங்களைக் கரையில இறக்குற ஹிக்கின்ஸ் படகுக்கு நாலடி வேணும்னு சொல்லிக்கிட்டே வர்றேன், அவரு நடுவுல கைகாட்டி நிறுத்தி அன்னிக்கு என்ன பிறைன்னாரு. தேய்பிறை, பாதி நிலா. "அஷ்டமி நவமில ஓதம் ஏறாதுடா, இதைக் கேட்டுக்க அங்க ஒரு மனுசன் இல்லியா?" இருந்தாரு. அந்தத் தீவுகள்லயே வருஷக்கணக்கா வாழ்ந்த ஹாலண்ட்னு ஒரு மேஜர் தண்ணி பத்தாதுன்னு அடிச்சுச் சொன்னாரு. போதாததுக்கு நிலா பூமியை விட்டு ரொம்பத் தள்ளி இருந்த சமயம் அது, அதான் அன்னிக்குத் தண்ணி அவ்ளோ அசையாம கிடந்துச்சுன்னு 1987ல ஓல்சன்னு ஒரு இயற்பியல் பேராசிரியர் கணக்குப் போட்டுக் காட்டுனாரு. படகெல்லாம் பார்லயே தரை தட்டி நின்னுச்சு, ஆளுங்க மார்பளவு தண்ணில துப்பாக்கியைத் தூக்கிக்கிட்டு நடந்தாங்க.

பாரைத் தாண்டுனது எல்விடிங்க மட்டும்தான். மொத்தம் 125 போச்சு, அதுல 90 நாசம். சரக்கு ஏத்துறதுக்குன்னு செஞ்ச வண்டி, தகரம் மெல்லிசு, நியூசிலாந்துல அவசரத்துக்கு பாய்லர் தகடை வெட்டி முன்னாடி மாட்டியிருந்தாங்க, அது எதுக்குப் பத்தும்? சல்லடையா ஓட்டை விழுந்தது அடுத்த ஆளுங்களைக் கூட்டிட்டு வர ஆழத்துக்குத் திரும்பினதும் முங்கிருச்சு, சிலது எரிபொருள் டேங்க் பத்தி எரிஞ்சுச்சு, சிலது பார் மேலயே நின்னுச்சு. இந்த வண்டிங்களை ஓட்டுன பட்டாலியனோட கமாண்டர் மேஜர் ட்ரூஸும் அங்கயே செத்தாரு. ஸ்பில்லேன்னு ஒரு கார்ப்பரல், பேஸ்பால்ல பெரிய ஆளா வந்திருக்க வேண்டிய பையன், வண்டிக்குள்ள விழுந்த கையெறி குண்டுகளைப் பிடிச்சுப் பிடிச்சுத் திருப்பி எறிஞ்சிருக்கான், கடைசி ஒண்ணு கைலயே வெடிச்சு கை போச்சு. 76 மணி நேரத்துல மரைன்ஸ் பக்கம் ஆயிரம் பேர், ஜப்பான் பக்கம் கட்டாயமா கொண்டுபோன கொரியக் கூலிங்களையும் சேத்து நாலாயிரத்துக்கு மேல செத்தாங்க.

சித்தப்பா கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் அந்தப் பின்கதவை ஒரு விரலால மெதுவா இறக்கிப் பாத்தாரு, "இது அன்னிக்கு இல்லல்ல" அப்படின்னாரு.

வித்தவங்களுக்கு ரெண்டு தடவை எழுதிட்டேன், படமும் அனுப்பிட்டேன், பேரை மாத்தவே இல்ல, தராவான்னுதான் இன்னும் விக்கிறாங்க. அதுக்கு ரெண்டு ஸ்டார் குறைச்சிருக்கேன், கிட்டுக்கு மட்டும்னா நாலு. சைபானுக்கு வேணும்னா தாராளமா வாங்குங்க. தராவா பண்றவங்க பெட்டிப் படத்துல பின்பக்கம் மூடியிருக்கான்னு பாத்துட்டு அப்புறம் காசு கட்டுங்க.